ஓவியத்தில் ஒயினைப் பார்ப்பது எப்படி: கிண்ணத்தில் தொடங்கும் வழி

பழைய ஓவியத்தில் சிவப்பு ஒயின் நிறைந்த கிண்ணத்தைக் கண்டவுடன் “இது கிறிஸ்துவின் இரத்தம்” என்றோ “இது காமத்தின் குறியீடு” என்றோ முடிவு கட்டிவிடுவதுதான் புதிதாகக் கலை பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. சில ஓவியங்களில் அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. எகிப்தின் கல்லறைச் சுவரிலிருந்து பாரிஸ் மதுக்கூடம் வரை மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒயினை வரைந்திருக்கிறார்கள். காலத்துக்குக் காலம் பாத்திரம் மாறியது, குடிக்கும் முறை மாறியது, ஓவியம் வைக்கப்பட்ட இடமும் மாறியது. குறியீடு இவற்றின் மேல்தான் ஏறி உட்கார்கிறது.

ஆகவே இங்கே சொல்லும் வரிசை இது: பாத்திரம், திரவம், கை, இடம், கடைசியாகப் பொருள். வரிசையை மாற்றாமல் பத்துப் பதினைந்து ஓவியங்களைப் பார்த்தால் கண் தானாகவே அந்த வழியில் போகப் பழகிவிடும்.

தொடங்குவதற்கு முன்

ஓர் ஓவியத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் திரையில் பார்ப்பதே நல்லது; அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கோப்பையின் ஓரத்தை அங்குல அளவில் ஆராய விடமாட்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம் ஆகியவை பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் பெரிய படங்களை இலவசமாகவே தருகின்றன. நீளப் பக்கம் 4000 பிக்சலுக்குக் குறையாத படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத நகல்களைத் தவிருங்கள். அவற்றில் யாரோ நிறத்தைக் கூட்டியிருப்பார்கள், ஓரங்களை வெட்டியிருப்பார்கள். ஒயினைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டுமே கெடுதல்.

குறிப்பேட்டில் ஐந்து பத்திகள் போட்டு மேலே சொன்ன ஐந்து தலைப்புகளையும் எழுதுங்கள். படத்தின் கீழே உள்ள விவரத்தில் ஆண்டு, எதன்மேல் எதைக்கொண்டு வரைந்தது, அளவு, முதலில் எங்கே இருந்தது ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இத்தாலிய ஓவியர் வெரோனேசேயின் ‘கானாவூர்த் திருமணம்’ ஏறக்குறைய 6.8 மீட்டர் உயரமும் 9.9 மீட்டர் அகலமும் கொண்டது; எக்ஸேக்கியாஸ் வரைந்த கிரேக்கக் கிண்ணத்தின் விட்டம் 30 சென்டிமீட்டர் அளவுதான். திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும்.

முதல் படி: பாத்திரம்

ஒயின் எதில் இருக்கிறது என்பது காலத்தையும் ஊரையும் பாதிக்கு மேல் சொல்லிவிடும். இந்தப் படியில் அவசரம் வேண்டாம். மற்ற நான்கும் இதை நம்பித்தான் நிற்கின்றன.

எகிப்தில் கூரான அடி கொண்ட மண்சாடிகளைப் பாருங்கள். தீப்ஸ் நகரத்தின் நக்த் கல்லறையில், ஏறத்தாழ கி.மு. 1400ஐச் சேர்ந்த சுவரோவியத்தில், ஒயின் தயாரிப்பு முழுவதும் ஒரே சுவரில் இருக்கிறது. கொடிப்பந்தலில் பழம் பறிக்கிறார்கள். தொட்டிக்குள் நின்று மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு மிதிக்கிறார்கள். சாறு குழாய்வழி வெளியே வடிகிறது. வாய் மூடிய சாடிகள் வரிசையாக நிற்கின்றன. கயிறு வெறும் அலங்காரம் அல்ல. மிதிபட்ட பழம் வழுக்கும். பிடிமானம் இல்லாவிட்டால் நிற்க முடியாது. துத்தன்காமன் கல்லறையில் கிடைத்த ஒயின் சாடிகளில் ஆட்சியாண்டு, தோட்டம், தயாரித்தவரின் பெயர் ஆகியவை மையால் எழுதப்பட்டிருந்தன. சுவரில் உள்ள சாடிகளும் வாழ்வில் இருந்த சாடிகளும் ஒன்றே என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

கிரேக்கப் பானை ஓவியத்தில் ஐந்து வடிவங்களை அடையாளம் காணக் கற்றால் தொடக்கத்துக்குப் போதும். ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடியுள்ள சேமிப்புச் சாடி. கிராட்டர் அகன்ற வாய்கொண்ட பெரிய அண்டா; அதில்தான் ஒயினோடு தண்ணீரைக் கலப்பார்கள். ஓய்னோகோயி ஊற்றும் கூஜா. கைலிக்ஸ் அகன்று ஆழமில்லாமல் காலின்மேல் நிற்கும் குடிகிண்ணம். கந்தரோஸ் விளிம்புக்கு மேல் எழும் இரண்டு உயர்ந்த கைப்பிடிகள் கொண்ட கோப்பை. தாடியோடும் ஐவிக் கொடியோடும் இதை ஏந்தி நிற்பவர் பெரும்பாலும் மதுத் தெய்வம் டயனைசஸ். கிராட்டர் விருந்தின் நடுவில் இருக்கிறதா என்று தேடுங்கள். தண்ணீர் கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர் பழக்கம் என்று கிரேக்கர் நினைத்தார்கள். ஆகவே கிராட்டர் இருந்தால் ஒழுங்கான விருந்து. அது இல்லாமல் ஒருவர் சாடியிலிருந்து நேராகக் குடிப்பதுபோல் வரைந்திருந்தால் ஓவியர் வேண்டுமென்றே எதையோ சொல்கிறார்.

ஐரோப்பிய ஓவியத்தில் 1600களுக்கு வந்தால் கண்ணாடிதான் முதன்மை. நெதர்லாந்து ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரும் பச்சைக் கோப்பையின் பெயர் ரோமர். முட்டை வடிவ வாய்ப்பகுதி, பருத்த உள்ளீடற்ற தண்டு, அதன்மேல் நாவல்பழம்போல் ஒட்டிய கண்ணாடிக் குமிழ்கள், கண்ணாடி இழையைச் சுற்றிச் சுற்றி அமைத்த அடிப்பாகம். எண்ணெய்ப் பிசுக்குள்ள விரல் வழுக்காமல் இருக்கவே அந்தக் குமிழ்கள். பச்சை நிறம் மணலில் உள்ள இரும்பால் வருவது. புதிதாகப் பார்ப்பவர்கள் உள்ளே இருப்பது பச்சை நிறப் பானம் என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் வெள்ளை ஒயின்தான்.

ரோமருக்குப் பக்கத்தில் உயரமாக, நேர்க்குழாய் வடிவில், உடலைச் சுற்றி வளையக் கோடுகளுடன் ஒரு கோப்பை நின்றால் அது பியருக்கானது. மெல்லிய தண்டும் நிறமற்ற மெல்லிய கண்ணாடியும் இருந்தால் வெனிஸ் நகரின் முரானோவில் செய்தது, அல்லது அதைப் பார்த்து வேறிடத்தில் செய்தது. இது ரோமரைவிடச் செல்வம் மிக்க வீட்டைக் காட்டும்.

புட்டியைக் கொண்டு காலம் கணிக்கலாம். தடித்த கருங்கண்ணாடி ஒயின் புட்டி 1600களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் பரவியது. நிலக்கரிச் சூளையின் அதிக வெப்பம்தான் அதைச் சாத்தியமாக்கியது. முதலில் உருண்டை உடலும் நீண்ட கழுத்தும், 1700ஐ ஒட்டி வெங்காய வடிவம், 1700களின் இறுதியில் இன்று நாம் காணும் உருளை வடிவம். உருளைப் புட்டி நிற்கும் ஓவியத்தை 1650 என்று யாராவது சொன்னால் சந்தேகப்படலாம். அதற்கு முந்தைய மேசைகளில் கூஜாதான் இருக்கும். ஒயின் பீப்பாயிலிருந்து கூஜாவில் வரும்.

பாரசீக, முகலாய நுண்ணோவியங்களில் நீண்ட மெல்லிய கழுத்துள்ள சுராஹி என்னும் கூஜாவையும் கையளவுக் கிண்ணத்தையும் தேடுங்கள். ஷாஜஹானுக்காக 1657இல் வெண்ணிற ஜேட் கல்லில் செதுக்கிய ஒயின் கிண்ணம் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. பாதிச் சுரைக்காய் வடிவம், பிடி ஆட்டுத்தலையாக வளைகிறது. ஜஹாங்கீர் தன் கையில் கிண்ணத்தோடு இருக்கும் உருவத்தைத் தங்க நாணயத்திலேயே பொறித்தார். ஆட்சியாளர் கிண்ணத்தோடு தோன்றுவதை அந்த அரசவை குறையாக நினைக்கவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் படி: திரவம்

இப்போது படத்தைப் பெரிதாக்கிக் கோப்பையை மட்டும் திரை முழுக்க வையுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1600களின் நெதர்லாந்து ஓவியங்களில் பெரும்பாலும் இடப்பக்கத்துச் சாளரம். நல்ல ஓவியர் வரைந்திருந்தால் கோப்பையில் நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்.

இடப்பக்க மேல்வளைவில் சாளரத்தின் சிறிய வெண்ணிற உருவம், சில படங்களில் சட்டக் குறுக்குக்கட்டையோடு. அதற்கு எதிரே, வலப்பக்க உட்சுவரில், மங்கலான இன்னொரு பிரதிபலிப்பு. ஒயின் உள்ள பகுதியில், வெளிச்சம் வரும் பக்கம் இருண்டும் எதிர்ப்பக்கம் ஒளிர்ந்தும் இருப்பது. கடைசியாக, கோப்பையின் நிழலுக்குள் மேசைவிரிப்பில் விழும் நிறம் கலந்த வெளிச்சப் புள்ளி. மூன்றாவதுதான் பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். வளைந்த கோப்பையில் நிறைந்த திரவம் குவிவில்லையாக வேலை செய்து ஒளியை மறுபக்கத்தில் குவிக்கிறது, அதனால்தான் அங்கே ஒளிர்கிறது. அதே காரணத்தால் பின்னாலுள்ள பொருள்கள் ஒயினுக்குள் இடம் வலமாகவும் தலைகீழாகவும் தெரியும்.

வில்லெம் கிளாஸ் ஹேடா 1635இல் வரைந்த ‘தங்கமுலாம் கோப்பையுடன் அசையாப்பொருள் ஓவியம்’ ரைக்ஸ்மியூசியத்தில் உள்ளது. இந்தப் படியைப் பயில இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். சாம்பலும் பழுப்பும் கலந்த மேசை, சிப்பிகள், தோல் உரித்த எலுமிச்சை, சாய்ந்து கிடக்கும் வெள்ளித் தட்டுக்கிண்ணம், நடுவே ஒயின் கொண்ட ரோமர். ரோமரில் சாளரம் தெரிகிறது. நிறம் மிகக் குறைவாக இருப்பதால் ஒளி எங்கே போகிறது என்பதைத் தவிர வேறெதுவும் கண்ணை இழுக்காது. வெறும் கண்ணாடியும் வெள்ளை ஒயினும் இவ்வளவு ஈர்ப்பாக இருக்க முடியும் என்பதை இந்த ஓவியத்தின் முன்னால் அமர்ந்துதான் நம்ப வேண்டும்.

நேரம் இருந்தால் நீங்களே ஒன்று வரைந்து பாருங்கள். ஓவியர் ஆக வேண்டியதில்லை. ஒருமுறை கையால் செய்தால் கண் கூர்மையாகும். தண்டுள்ள கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு கருஞ்சிவப்புப் பழச்சாறு ஊற்றி, ஒரே சாளரத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள். அறை விளக்கை அணையுங்கள். ஹெச்பி, 2பி, 4பி பென்சில்களும் பிசைந்து பயன்படுத்தும் ரப்பரும் போதும். முதலில் செங்குத்தாக நடுக்கோடு. அதன்மேல் விளிம்பு, திரவ மேற்பரப்பு, அடித்தட்டு ஆகிய மூன்றுக்கும் நீள்வட்டங்கள். கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக நீள்வட்டம் அகன்று வட்டத்தை நெருங்கும்; ஆகவே அடித்தட்டின் நீள்வட்டம் விளிம்புடையதைவிடத் திறந்திருக்க வேண்டும். நீள்வட்டத்தின் இரு முனைகளும் கூராகிவிடுவதுதான் வழக்கமான தவறு. முனை எப்போதும் வளைந்தே திரும்பும்.

அடுத்துப் பின்னணியை முழுதும் தீட்டுங்கள். கோப்பைக்கு வெளிக்கோடு போடாதீர்கள். கண்ணாடியின் ஓரம் சில இடங்களில் பின்னணியைவிட இருண்டும் சில இடங்களில் வெளுத்தும் இருப்பதால் ஒரே கோடு பொய்யாகிவிடும். பிறகு திரவத்தின் இருண்ட பக்கம், பிறகு எதிர்ப்பக்க ஒளி. பளிச்சிடும் வெள்ளைப் புள்ளிகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் ரப்பரால் எடுங்கள், இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். எல்லா இடத்திலும் மின்னினால் எதுவும் மின்னாது. நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு ஹேடாவைத் திரும்பப் பாருங்கள்.

நிறத்தை நம்பலாமா?

பெரும்பாலும் கூடாது. இதற்கு மூன்று காரணங்கள்.

ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தில் சிவப்பு ஒயினின் ஆழத்துக்குப் பொதுவாகப் பயன்பட்டவை ‘லேக்’ எனப்படும் சாய நிறமிகள். மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்தும், கொச்சினீல், கெர்மிஸ், அரக்கு போன்ற பூச்சிகளிலிருந்தும் சாயம் எடுத்துப் படிகாரத்தின் உதவியால் தூளாகப் படிய வைப்பார்கள். ஒளி ஊடுருவும் என்பதால் கண்ணாடிக்குள் இருக்கும் சிவப்புக்கு மெல்லிய படலங்களாகப் பூச இவை பொருத்தமானவை. ஆனால் வெளிச்சத்தில் மங்கும். சிகாகோ கலை நிறுவனத்தில் உள்ள ரெனுவாரின் 1883 உருவப்படம் ஒன்றில், சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரம் மட்டும் அடர்சிவப்பாக இருந்தது. வெளிச்சம் பட்ட பகுதி முழுவதும் வெளுத்துப் போயிருந்தது. ஆகவே வெளிறிய ரோஜா நிற ஒயினைக் கண்டவுடன் ‘ரோசே’ (இளஞ்சிவப்பு ஒயின்) என்று எழுதாதீர்கள்.

மஞ்சள் லேக் நிறமியும் மங்கும். நீலத்தோடு கலந்து பச்சையாக்கிய திராட்சை இலைகளில் மஞ்சள் போய்விட்டால் இலை நீலமாகத் தெரியும். பழைய அசையாப்பொருள் ஓவியங்களில் நீல இலைகளைக் கண்டால் காரணம் இதுதான்.

மூன்றாவது, ஓவியத்தின் மேல் பாதுகாப்புக்காகப் பூசும் வார்னிஷ். அது காலப்போக்கில் மஞ்சளாகி எல்லாவற்றின் மேலும் படர்கிறது. வெள்ளை ஒயின் தங்க நிறமாகிவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வெள்ளையாகவே இருக்க வேண்டிய பொருளைத் தேடுங்கள்: மேசைவிரிப்பு, சட்டைக் கழுத்துப்பட்டி. அது தேன்நிறமாக இருந்தால் ஒயினிலிருந்தும் அந்த அளவு மஞ்சளை மனதில் கழித்துவிடுங்கள்.

கிரேக்கப் பானையில் இந்தக் கேள்வியே எழாது. கறுப்பும் களிமண் சிவப்பும் ஆளும் அந்தக் கலையில் ஒயினின் நிறத்தைத் தேடிப் பயனில்லை.

மூன்றாம் படி: கை

யார் ஊற்றுகிறார், யார் குடிக்கிறார், யார் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்? மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை கோப்பை என்றும் எண்ணுங்கள். இந்த எண்ணிக்கை பல ஓவியங்களைத் திறந்துவிடும்.

வெர்மீரின் ‘ஒயின் கோப்பை’ பெர்லின் கலைக்கூடத்தில் உள்ளது. 1660ஐ ஒட்டி வரைந்தது. இருவர், கோப்பை ஒன்றே. அமர்ந்திருக்கும் பெண் அதைக் கிட்டத்தட்டக் காலி செய்துவிட்டாள். கோப்பை முகத்தை மறைப்பதால் அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியாது. அகன்ற தொப்பியும் மேலங்கியும் அணிந்து நிற்கும் ஆண் குடிக்கவில்லை. அவன் கை வெள்ளைக் கூஜாவின் பிடியில் இருக்கிறது, மீண்டும் ஊற்றத் தயாராக. நாற்காலியில் இசைக்கருவி, மேசையில் இசைத்தாள். திறந்த சாளரத்தின் வண்ணக் கண்ணாடியில் ஒரு பெண் உருவம். கையிலுள்ள கடிவாளத்தைக் கொண்டு அதைத் தன்னடக்கத்தின் உருவம் என்று ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். அந்தச் சாளரத்தைக் கவனிக்காமலே “காதல் காட்சி” என்று எழுதிப் போய்விடலாம். ஆனால் கூஜாவின்மேல் உள்ள கையை முதலில் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார். இந்த ஓவியத்தின் அமைதி இனிமையானது அல்ல என்பது என் எண்ணம்.

காரவாஜ்ஜோவின் ‘பாக்கஸ்’ (டயனைசஸின் ரோமானியப் பெயர்), 1590களின் பிற்பகுதி, ஃபிளாரன்ஸின் உஃபிஸி கலைக்கூடத்தில். இங்கே கை நம்மை நோக்கி நீள்கிறது. அகன்ற ஆழமற்ற கண்ணாடிக் கிண்ணத்தில் ஒயின் வட்ட வட்டமாக அலைகிறது. பக்கத்துக் குடுவையில் மேற்பரப்பின் ஓரம் குமிழிகள். அப்போதுதான் ஊற்றியிருக்கிறார் என்று பொருள். பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கையின் நகத்தில் அழுக்கு, கூடையில் அழுகிய பழம். தெய்வமா, தெய்வ வேடம் போட்ட இளைஞனா என்ற கேள்வியை ஓவியர் இந்த நகத்திலிருந்துதான் எழுப்புகிறார்.

கோப்பையை எங்கே பிடிக்கிறார்கள் என்பதும் முக்கியம். 1600களின் டச்சு ஓவியங்களில் அடித்தட்டையோ தண்டையோ விரல்நுனியால் பிடிப்பது நல்ல வளர்ப்பின் அடையாளம். வாய்ப்பகுதியை முழுக்கையால் பற்றியிருப்பவர் வேறு வகுப்பினர், அல்லது நன்றாகக் குடித்திருக்கிறார்.

நான்காம் படி: ஓவியம் இருந்த இடம்

இன்று எல்லாமே வெள்ளைச் சுவரில் தொங்குகின்றன. முன்பு அப்படி இல்லை.

எக்ஸேக்கியாஸின் கிண்ணம், ஏறத்தாழ கி.மு. 530, இன்று மியூனிக்கில். டயனைசஸ் படகில் சாய்ந்திருக்கிறார். பாய்மரத்திலிருந்து கொடி படர்ந்து ஏழு குலைகள் தொங்குகின்றன. சுற்றிலும் ஏழு டால்பின்கள். இது கிண்ணத்தின் உட்புறத்தில் இருக்கிறது. ஒயின் நிறைந்திருக்கும்போது தெரியாது. குடிக்கக் குடிக்கக் கருஞ்சிவப்புக் கடல் வடிந்து படகு வெளிப்படும். வெளிப்புறத்தில் இரண்டு பெரிய கண்கள். குடிப்பவர் கிண்ணத்தைத் தூக்கிச் சாய்க்கும்போது எதிரே இருப்பவருக்கு அது முகமூடியாகத் தெரியும். அருங்காட்சியகப் படத்தில் இவை எதுவும் நடப்பதில்லை. நீங்கள்தான் மனதில் நிகழ்த்திப் பார்க்க வேண்டும்.

வெரோனேசேயின் ‘கானாவூர்த் திருமணம்’ 1563இல் வெனிஸின் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே மடத்தின் உணவுக்கூடத்துக்காக முடிக்கப்பட்டது. துறவிகள் சாப்பிடும் இடத்தில் சாப்பாட்டு ஓவியம். நெப்போலியனின் படை 1797இல் அதை எடுத்துச் சென்றது, இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில். யோவான் நற்செய்தி சொல்லும் அற்புதம், தண்ணீர் திராட்சரசமானது, வலப்பக்க முன்புறத்தில் நடக்கிறது: பணியாள் கல்சாடியைச் சாய்த்து ஊற்றுகிறான், பக்கத்தில் வெண்பட்டு உடை அணிந்தவர் கோப்பையைத் தூக்கி உள்ளே உற்றுப் பார்க்கிறார். நடுவில் இயேசு. விருந்தினர் பலர் கவனிக்கவே இல்லை. நூறு பேருக்கு மேல் உள்ள கூட்டத்தில் அந்தக் கோப்பையைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ஓவியத்துக்கான பயிற்சி.

இடத்தையும் சூழலையும் விட்டுவிட்டால் எவ்வளவு பிசகும் என்பதற்கு அசீரிய அரசன் அஷுர்பானிபாலின் புடைப்புச் சிற்பம் ஒன்று போதும். ஏறத்தாழ கி.மு. 645, நினிவே அரண்மனையிலிருந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தது. திராட்சைக் கொடி நிழலில் அரசன் சாய்ந்திருக்க, எதிரே அரசி அமர்ந்திருக்க, இருவரும் கிண்ணம் உயர்த்துகிறார்கள். தோட்ட விருந்து என்றே தோன்றும். பார்வையை இடப்பக்கம் நகர்த்தினால் மரத்தில் தோற்றுப்போன ஈலாம் அரசனின் தலை தொங்குகிறது. கிண்ணத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போடும் படங்களில் அந்தத் தலை இருக்காது.

ஐந்தாம் படி: பொருள்

இப்போது குறியீட்டுக்கு வரலாம். முதல் நான்கு பத்திகளும் நிரம்பியிருந்தால் பொருந்தாத விளக்கங்கள் தாமாகவே உதிரும்.

கிறிஸ்தவக் கலையில் நான்கு கதைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்: நோவாவின் போதை, கானானிலிருந்து ஒற்றர்கள் கழியில் தூக்கிவரும் பெரிய குலை, கானாவூர்த் திருமணம், இறுதி இரவுணவு. நோவா திராட்சைத் தோட்டம் போட்டு, குடித்து, ஆடையின்றிக் கிடக்கும் காட்சி மைக்கேலாஞ்சலோவின் சிஸ்டைன் விதானத்திலும் உண்டு. இவற்றைத் தவிர, கிறிஸ்துவே திராட்சை பிழியும் ஆலையின் உத்தரத்துக்கு அடியில் குனிந்து நிற்க, காயங்களிலிருந்து வழியும் இரத்தம் கிண்ணத்தில் சேரும் ‘மறைபொருள் திராட்சை ஆலை’ என்ற வகையும் உண்டு. ஜெர்மன் பகுதிகளில் 1400கள், 1500களில் பரவலாக இருந்தது. ஒயினை இரத்தம் என்று தயங்காமல் வாசிக்க வேண்டிய இடம் இது.

மாதக் காட்சிகள் வேறு. இடைக்காலச் செபநூல்களின் நாட்காட்டியில் செப்டம்பருக்கோ அக்டோபருக்கோ திராட்சை அறுவடையும் மிதிப்பும் வரும். அது பருவத்தின் வேலை. அதில் மறைபொருள் தேட வேண்டியதில்லை. பிரான்சின் ஷாந்தியியில் உள்ள, பெரி கோமகனுக்காகச் செய்த செபநூலின் செப்டம்பர் பக்கத்தில் சோமூர் கோட்டைக்கு முன்னால் ஆட்கள் குனிந்து குலை வெட்டுகிறார்கள், கூடையும் வண்டியும் காத்திருக்கின்றன.

மண்டையோடு, அணைந்த விளக்கு, கடிகாரம் ஆகியவற்றோடு கவிழ்ந்த ரோமர் கிடந்தால் அது வாழ்வின் நிலையாமையைச் சொல்லும் ‘வனிட்டாஸ்’ வகை. கவிழ்ந்த கோப்பை மட்டும் தனியாக இருந்தால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பளபளக்கும் வளைவைக் காட்ட ஓவியருக்கு ஒரு வாய்ப்பு, அவ்வளவாகவும் இருக்கலாம். ஹேடாவின் சாய்ந்த வெள்ளிக் கிண்ணத்தை இரண்டு விதமாகவும் வாசிக்க முடியும். நான் இரண்டாவது பக்கம்.

பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதைகளுக்கு சுல்தான் முகம்மது 1530களின் தொடக்கத்தில் வரைந்த ஓவியத்தில் கீழே மனிதர்கள் ஆடித் தள்ளாடுகிறார்கள், கூரைமேல் தேவதூதர்களும் குடிக்கிறார்கள். மண்ணுலகப் போதையும் இறைப்போதையும் ஒரே பக்கத்தில். எது எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முயலாதீர்கள். கோடு இல்லாமல் இருப்பதுதான் ஓவியத்தின் நோக்கம்.

1700களுக்குப் பிறகு பொருள் இலகுவாகிறது. ஜான்-ஃபிரான்சுவா த த்ருவா 1735இல் வரைந்த ‘சிப்பி விருந்து’, நுரைக்கும் ஒயினான ஷாம்பெய்ன் தோன்றும் மிகப் பழைய ஓவியமாகக் கருதப்படுகிறது. சிலர் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்கள் பார்வையைப் பின்தொடர்ந்தால் காற்றில் பறக்கும் தக்கை கிடைக்கும். 1945 முதல் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷீல்டு என்ற பிரெஞ்சு ஒயின் நிறுவனம் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஓர் ஓவியரின் படைப்பைப் புட்டியின் சீட்டில் அச்சிடுகிறது. 1958இல் டாலி, 1970இல் ஷகால், 1973இல் பிக்காசோ. ஒயின் ஓவியத்துக்குள் இருந்ததுபோய் ஓவியம் ஒயின் புட்டிமேல் வந்தது.

எந்த வரிசையில் பார்ப்பது

முதல் வாரத்துக்கு ஆறு படைப்புகள் போதும்: நக்த் கல்லறைச் சுவர், எக்ஸேக்கியாஸ் கிண்ணம், காரவாஜ்ஜோவின் பாக்கஸ், ஹேடா 1635, வெர்மீரின் ஒயின் கோப்பை, கடைசியாக மனே 1882இல் வரைந்த ‘ஃபோலி-பெர்ஜேர் மதுக்கூடம்’. காலவரிசையிலேயே பாருங்கள். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் கண் சோர்ந்து குறியீட்டுக்குத் தாவிவிடும்.

மனேயின் ஓவியம் லண்டனின் கோர்ட்டால்டு கலைக்கூடத்தில் உள்ளது. தங்கத்தாள் சுற்றிய ஷாம்பெய்ன் புட்டிகள், முத்திரையில் சிவப்பு முக்கோணம் கொண்ட பியர் புட்டி, நடுவில் விற்பனைப் பெண், அவளுக்குப் பின்னால் பெரிய கண்ணாடி. இடது ஓரப் புட்டியின் சீட்டைப் பெரிதாக்கினால் ஓவியரின் கையெழுத்தும் ஆண்டும் அங்கேயே இருக்கும். பிறகு மேசையின் இடப்பக்கப் புட்டிகளைப் பின்னால் கண்ணாடியில் தெரியும் புட்டிகளோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டு, எவை எந்த ஓரத்துக்கு இடம் மாறியிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.